ஜோசியருக்குப் போணி

அந்தக் கழிவறைக்கு நல்ல நாள் பார்த்துத்தான் போணி செய்தார்கள்.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வாய்க்கால்மேடு சாயப் பூங்காவில் எது புதிதாக வந்தாலும் போணி செய்யாமல் ஓடாது. புதுத் தொட்டி வந்தால் முதல் துணியை யார் கையால் போடுவது என்பதே பெரிய பேச்சாக இருக்கும். கைராசிக்காரர் போட்டால் அந்தத் தொட்டி கடைசிவரை கலர் தப்பாது. ராசியில்லாதவர் போட்டால் முதல் லாட் துணியே திட்டுத் திட்டாக வரும். இதை நம்பாதவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களும் தங்கள் தொட்டிக்குக் கைராசிக்காரரைத்தான் கூப்பிட்டார்கள்.

அப்படிப்பட்ட கை நாச்சிமுத்துவுக்கு வாய்த்திருந்தது. டையிங் மாஸ்டர். குள்ளமான ஆள், பேச்சு குறைவு, நாலு பேர் பார்த்தால் கூச்சப்படுகிறவர். அவரைப் போய், மாலை போட்டுச் சந்தனப் பொட்டு வைத்த ஒரு ஸ்டீல் கழிவறைக்குப் போணி செய்யச் சொன்னால் என்ன செய்வார்? தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"போங்க மாஸ்டர். உங்க கொழுந்தியா கண்டுபிடிச்ச மெசினு. வேற யாரு போணி பண்றது?" என்றார் முதலாளி சென்னியப்பன். கூட்டம் சிரித்தது.

கொழுந்தியா கௌசிகா கையில் டேப்லட்டோடு கதவருகே நின்றிருந்தாள். மூலக்கூறு உயிரியல் படித்தவள். அமெரிக்காவில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஆய்வகத்தில் உட்கார்ந்து ஆறு வருடம் உழைத்துச் செய்த மெசின் அது. அன்றைக்கு அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கழிவறைத் திறப்பு விழாவுக்குப் பட்டுப்புடவையா என்று அக்கா சாந்தாமணி கேலி செய்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாச்சிமுத்து உள்ளே போனார். ஒரு மனிதர் ஒண்ணுக்குப் போய்விட்டு வருவதற்காக ஒரு கம்பெனியே பேச்சடங்கிக் காத்துக்கொண்டிருந்தது அதுவரை எங்கும் நடந்திருக்காது. கதவு திறந்தது. மெசினில் என்ன கலர் விளக்கு எரிந்தது என்பது உள்ளே போகிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

"பச்சைங்க" என்றார் நாச்சிமுத்து.

கைதட்டினார்கள். புது மெசின் என்பதால் முதல் வாசிப்பில் ஏதோ சிறு கோளாறு இருந்தது. கௌசிகா உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மெசினைத் திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டு வந்தாள். அடுத்து மேனேஜர் போனார், பச்சை. முதலாளியே போனார், பச்சை. தேங்காய் உடைத்தார்கள். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

இந்த மெசின் வந்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். குளிர்சாயம் என்று ஒன்று வந்திருந்தது. வெந்நீர் வேண்டாம், உப்பு வேண்டாம், தண்ணீரே பெயருக்குத்தான். அது வந்த பிறகு நொய்யலில் சாயக் கழிவு நின்றது, மீன் வந்தது, பத்திரிகைகளில் படம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்தச் சாயத்தின் ஒரு துணுக்கு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகிறது என்று. கல்லீரல் அதை மாற்றுகிறது, சிறுநீரகம் வடிகட்டுகிறது, கடைசியில் அது சிறுநீர்ப்பையில் போய்த் தேங்கி நிற்கிறது. ஆற்றுக்குப் போகாத சாயம் ஆட்களின் மூத்திரப்பைக்குப் போனது. சாயத்தை நிறுத்த யாருக்கும் மனசில்லை. ஆகவே சாயக்கூடம் ஒவ்வொன்றிலும் வாசிப்பு மெசின் வைக்கவேண்டும், மெசின் இல்லாத கழிவறையே இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

லட்டு தின்றுகொண்டே ஒருவர் கேட்டார். "அம்மிணி, ஒண்ணுக்குல அப்பிடி என்ன எழுதியிருக்குதுன்னு இது படிக்குது?"

"நீர்ப்பையோட உள்சுவத்துல இருக்கற செல்லு தெனமும் கொஞ்சம் உதுந்து ஒண்ணுக்கோட வெளிய வருதுங்க. அதைத்தான் படிக்குது" என்றாள் கௌசிகா. "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் வளரச் சொல்ற ஆக்சிலேட்டர் இருக்குது, நிக்கச் சொல்ற பிரேக்கும் இருக்குது. ஆக்சிலேட்டர் மட்டும் அமுங்குனபடியே மாட்டிக்கிச்சுன்னா மஞ்சள் எரியும். அது பாசி மாதிரி சுவத்து மேலயே வளரும். கேமரா உட்டுச் சுரண்டி எடுத்தரலாம். மறுக்கா வந்தா மறுக்கா எடுத்துக்கலாம். லேசுல ஆளைக் கொல்லாது. பிரேக்கும் சேந்து போச்சுன்னாத்தான் சிவப்பு. அது சுவத்தைத் தொளைச்சுட்டுச் சதைக்குள்ள போயிரும்."

"அப்ப இது மெசினில்லீங்க, ஜோசியரு" என்றார் அவர். அந்தப் பெயர் நின்றுவிட்டது.

மூன்று வருடத்தில் ஜோசியர் ஒரு சிவப்புக்கூடச் சொல்லவில்லை. மஞ்சளும் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. மஞ்சள் பட்டவர்களைச் சாயக்கூடத்திலிருந்து எடுத்து மடிப்புப் பிரிவில் போட வேண்டும் என்பது சட்டத்தோடு வந்த விதி. பாதுகாப்புக்காகத்தான் என்று கௌசிகாவும் அதற்குத் தலையாட்டியிருந்தாள். மடிப்புப் பிரிவில் சம்பளம் குறைவு, ஓவர்டைம் கிடையாது, போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. ஒரு பையனுக்கு நிச்சயமான கல்யாணம்கூட நின்றுபோனது. இதெல்லாம் அவள் காதுக்கு வந்தது. நோய்க்கு முன்னால் இது ஒன்றும் பெரிதில்லை என்று நினைத்துக்கொண்டாள். வாய்க்கால்மேட்டின் வெற்றியைப் பார்த்து, எல்லாச் சாய ஊர்களுக்கும் ஜோசியரை அனுப்புவது என்று அரசு முடிவெடுத்தது. கோயம்புத்தூரில் பெரிய விழா, அவள்தான் பேச வேண்டும்.

விழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனாள்.

சாந்தாமணி அரிசியும்பருப்பும் ஆக்கி, நெய் ஊற்றி, தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும் வைத்திருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இரண்டு டம்ளர்தான் இருந்தது.

"மாமாவுக்குத் தண்ணி வெக்கலயாக்கா?"

"உங்க மாமனா? அவரு ஒட்டகமாச்சே" என்றாள் சாந்தாமணி. "வெச்சா ஒரு வாய் நனைச்சுட்டு வெச்சுருவாரு. வேல நேரத்துல எந்திரிச்சுப் போக முடியறதில்லன்னு ஆரம்பிச்சுது. இப்ப ஞாயித்துக்கெழமயும் அதே பழக்கம்."

நாச்சிமுத்து தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். மெலிந்திருந்தார். வயசாகிறது என்று கௌசிகா நினைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது அக்கா சலித்துக்கொண்டாள். "இவரு தொழிலு வூடு வரைக்கும் வருது புள்ள. பாத்ரூமைத் தேச்சுத் தேச்சு என்ற கையி போச்சு. மூணு வாரமாப் பாரு, செக்கச்செவேல்னு. கேட்டா மெரூன் லாட் ஓடுதுங்கறாரு."

சாயக்கூடங்களில் இது பழைய நம்பிக்கை. எந்த லாட் ஓடுகிறதோ அந்தக் கலரில்தான் ஒண்ணுக்குப் போகும் என்பார்கள். நீலம் ஓடிய வாரம் நீலமாகப் போனதாகச் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. கௌசிகாவே இதை மேடையில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். இப்போது கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

நாச்சிமுத்து வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, கம்பெனில இப்ப என்ன லாட் ஓடுதுங்க?"

எதில் பொய் சொன்னாலும் கலர் விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. "கொழந்தைத் துணி, அம்மிணி. ஒரு மாசமாவே சந்தனமும் வெளிர் ரோசும்தான்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்கு உறைத்தது. சாந்தாமணி ஈரக்கையோடு கதவோரம் வந்து நின்றாள்.

"வலிக்குதுங்களா?"

"வலியெல்லாம் இல்ல."

"வலிக்காதுங்க மாமா. ரத்தம் வரும், நிக்கும், மறுபடி வரும். வலிக்காததுனாலதான் எல்லாரும் உட்டர்றாங்க" என்றாள் கௌசிகா.

மறுநாளே கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனாள். டாக்டர் நஸீமா அவளுக்கு வெகுநாள் பழக்கம். கேமரா விட்டுப் பார்த்து, ஒரு துளி சதை எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் கௌசிகாவைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சுவர் தாண்டிச் சதைக்குள்ள போயிருச்சு கௌசிகா. இனி சுரண்டறதுல பிரயோஜனம் இல்லை. நீர்ப்பையையே எடுத்தாகணும். வயித்துல ஒரு வழி வெச்சு வெளியில பை மாட்டணும்."

"முழுசுமா எடுக்கணும்?"

"உங்களுக்குத் தெரியாததா? கட்டி இருக்கற இடம் மட்டும் கெட்டுப்போயிருந்தாப் பரவாயில்லை. பார்வைக்கு நல்லா இருக்கற சுவர்லயும் அதே மாற்றம் பரவியிருக்கு. ஒரு இடத்துல எடுத்தா இன்னொரு இடத்துல முளைக்கும்." டாக்டர் ரிப்போர்ட்டை அவள் பக்கம் தள்ளினார். "உங்க மெசின் இவரைப் பார்க்கலையா?"

"மூணு வருஷத்துல ஒரு சிவப்புகூட வரலைங்க டாக்டர்."

"நான் அதைக் கேட்கலை. இவர் அந்த மெசினுக்கு வந்தாரா?"

வேலைக்குச் சேரும்போதே எச்சில் எடுத்து வைத்துக்கொள்வதால் யாருடைய சிறுநீர் என்பது மெசினுக்கே தெரியும். ஒருவருக்காக இன்னொருவர் போக முடியாது. அதில் அவளுக்குப் பெருமை. ஆனால் என்ன கலர் வந்தது என்று பார்த்தாளே தவிர, யார் வரவேயில்லை என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆய்வகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். நாச்சிமுத்து பெயரில் ஒரு வாசிப்புகூட இல்லை என்றார்கள்.

அன்று மாலையே வாய்க்கால்மேட்டுக்குப் போனாள். ஷிப்ட் விடுகிற நேரம். கம்பெனி கேட்டிலிருந்து வெளியே வந்த பைக்குகள் எல்லாம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பறந்து, கொஞ்ச தூரத்தில் பைபாஸ் பாலத்தின் கீழே வரிசையாக நின்றன. ஆண்கள் இறங்கிப் பாலத்துச் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஒருவர் போக ஒருவர் வந்தார்கள். அந்தச் சுவரின் அடிப்பாகம் முழுக்கக் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. அவள் இந்த வழியாகக் காரில் எத்தனையோ முறை போயிருக்கிறாள்.

பெண்கள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். அவர்களில் துளசிமணியை அவளுக்குத் தெரியும். சாயக்கூடத்தில் துணி ஏற்றுகிறவள்.

"மாஸ்டருக்கு எப்பிடிங்க அம்மிணி இருக்குது?" என்று துளசிமணிதான் முதலில் கேட்டாள்.

"பையை எடுக்கோணும்ங்கறாங்க" என்றாள் கௌசிகா. "துளசிக்கா, நீங்க நெசத்தைச் சொல்லுங்க. உள்ள யாரும் ஜோசியர்கிட்டப் போறதில்லையா?"

துளசிமணி பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"ஆபீஸ்காரங்க போவாங்க. புதுசா வந்த வடக்கத்திப் பசங்க போவாங்க, வெவரம் தெரியற வரைக்கும்" என்றாள். "மஞ்சள் எரிஞ்சா மடிப்புக்குத் தள்ளிடறாங்க. கொழந்தைக படிக்குது, கட்டுன சீட்டு நடுவுல நிக்குது. நாங்க என்னங்க பண்றது?"

"அப்ப எங்க போவீங்க?"

"ஆம்பளைங்களுக்குப் பாலத்தடி இருக்குது. நாங்க வூட்டுக்குப் போய்த்தான். காலைல ஒரு வாய் டீ, அதோட சரி. நாக்கு வறண்டா ஒரு நெல்லிக்காயைப் போட்டு அதக்கிக்குவோம்." அவள் கொஞ்சம் சிரித்தாள். "மொதல்ல அடிவயிறு புடுங்கும். இப்பப் பழகிருச்சுங்க."

குளிர்சாயத்தின் துணுக்கு நீர்ப்பைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம்தான் எல்லாமே. தண்ணீர் குடித்துக் குடித்து அடிக்கடி வெளியேற்றினால் சுவர் பிழைக்கும். தண்ணீர் இல்லாமல் அடக்கி வைத்தால் கெட்டியான விஷம் பகல் முழுக்க அதே இடத்தில் நிற்கும். முதல் வருட மாணவிக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஒரு சாதாரணக் கழிவறையும் ஒரு குடிநீர்க் குழாயும் செய்திருக்கக்கூடிய காரியத்தை, கௌசிகாவின் மெசின் வந்து தலைகீழாக்கியிருந்தது. நோயைக் கண்டுபிடிக்க வைத்ததற்குப் பயந்து, இத்தனை பேரும் நோயைப் பகலெல்லாம் வயிற்றில் சுமந்து வளர்த்திருக்கிறார்கள். மஞ்சள் குறைந்தது என்று அவள் பூரித்துப்போன ஒவ்வொரு மாதமும் இந்தப் பெண்கள் இன்னும் நன்றாகப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

முதலாளி சென்னியப்பன் கெட்டவர் இல்லை. நாச்சிமுத்துவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கத் தன்னுடையது என்று கேட்காமலே சொன்னவர். கௌசிகா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் நிஜமாகவே கலங்கிப்போனார்.

"இத்தன நாளா ஏமாத்தியிருக்காங்களே, அம்மிணி. அவங்க உசுரு, அவங்களுக்கே அக்கறை வேண்டாமா? சரி, ஒண்ணு பண்ணுவோம். சிப்ட் முடிஞ்சதும் கேட்டைச் சாத்திருவோம். ஜோசியர்கிட்டப் போய்ட்டு வந்தவங்களை மட்டும் வெளிய உடச் சொல்றேன்."

"அண்ணா, கேட்டைச் சாத்துனா இன்னமும்தான் தண்ணி குடிக்க மாட்டாங்க." அவள் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். "மெசினைக் கக்கூசுல இருந்து எடுத்தரலாம். எல்லாக் குழாயும் சேந்து வெளிய போற எடத்துல ஒண்ணே ஒண்ணு வெக்கலாம். யாருன்னு தெரியாது. ஆனா இந்தக் கம்பெனில எத்தன பேருக்குச் சுவரு கெட்டிருக்குதுன்னு தெரியும். அந்த எண்ணிக்கை எச்சாகிட்டே போச்சுன்னா சாயத்தை மாத்துங்க. ஆளை மாத்தாதீங்க."

சென்னியப்பன் மேசை மேலிருந்த சந்தன நிறத் துணித் துண்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்ப மஞ்சள் வந்தா அது அவனோட ஒடம்பு, அவனோட நேரம். நீங்க சொல்றபடி வெச்சா, மஞ்சள் என்ற கம்பெனிக்கு வந்த மாதிரி ஆயிருமே."

"ஆமாங்கண்ணா."

"அது முடியாது அம்மிணி" என்றார் அவர், வருத்தமாகவே. "உங்க மெசினை வேணும்னா எடுத்துட்டுப் போயிருங்க. ஃபைன் போட்டாக் கட்டிக்கறேன்."

விழாவில் அவள் எழுதி வைத்திருந்த பேச்சைப் பேசவில்லை. சிவப்பே இல்லை என்ற கணக்கு பொய், வந்தவர்கள் மட்டுமே கணக்கில் இருக்கிறார்கள் என்று சொன்னாள். அரங்கம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பாவம், குடும்பத்தில் ஒருவருக்கு நோய் வந்ததால் மனசு உடைந்திருக்கிறாள் என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள். ஜோசியர் ஊர் ஊராகப் போவதில் ஒரு மாற்றமும் இல்லை. வாய்க்கால்மேட்டில் மட்டும் மெசினைக் கழற்றினார்கள். வெறும் கழிவறையும் குழாயும் மிஞ்சின. துளசிமணி ஒருநாள் போன் போட்டு, மத்தியானம் அங்கே வரிசை நிற்கிறது என்றாள்.

ஆபரேஷன் நடந்த அன்று எடுத்த கட்டியை கௌசிகாவே ஆய்வகத்தில் வாசித்தாள். வேறு யாரையாவது செய்யச் சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா கேட்டாள். "இது எப்பப் புள்ள வந்துச்சு? எப்பன்னாவது தெரியுமா?"

"ஓரளவு தெரியும்க்கா. கட்டில ஒவ்வொரு எடத்துல இருந்தும் செல்லு எடுத்துப் படிச்சா, எல்லாத்துலயும் இருக்கற கோளாறுதான் மொதல்ல வந்தது, சிலதுல மட்டும் இருக்கறது பின்னால வந்ததுன்னு பிரிச்சுப் பாக்கலாம். சின்னச் சின்ன மாத்தம் வருஷத்துக்கு இத்தனைன்னு சேந்துட்டே வரும், அதை வெச்சு எந்த வருஷம்னு சொல்லலாம். ஆக்சிலேட்டர் கெட்டது நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. பிரேக் போனது போன வருஷம்."

"அப்ப மொதல்லயே பாத்திருந்தா?"

"சுரண்டி எடுத்திருக்கலாம்க்கா. பையி இருந்திருக்கும்."

சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கௌசிகா அக்காவின் தோளில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மீதியை அவள் சொல்லவில்லை. மெசின் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்பே அவருக்கு ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டிருந்தது என்றால், போணி செய்த அன்று எரிந்தது பச்சையாக இருக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கட்டியும் தேவைப்படவில்லை, கணக்கும் தேவைப்படவில்லை. அதை நினைத்துப் பார்க்காமல் இருக்கத்தான் மூன்று வருடம் தேவைப்பட்டது.

நாச்சிமுத்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழிந்திருக்கும். கௌசிகா போனபோது மத்தியான வெயில். சாந்தாமணி மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவர் கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வேட்டிக்கு மேலே வலது பக்கம் பை தெரிந்தது. மறைக்கவேண்டும் என்று முதல் வாரங்களில் பட்ட பாடெல்லாம் ஓய்ந்துவிட்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர்.

"வா அம்மிணி. உக்காரு." சொம்பை எடுத்து அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தார். பாதி தீர்ந்ததும் வைத்துவிட்டு வாயைத் துடைத்தார். "தண்ணிக்கு இப்பிடி ஒரு ருசி இருக்கறதே மறந்துபோச்சு. இப்ப அடக்கற வேலையே இல்ல பாரு. அது பாட்டுக்கு வந்து நெறையுது."

கௌசிகா சிரிக்க முயன்றாள். கேட்காமல் போய்விட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், கேட்டுவிட்டாள்.

"மாமா, போணி அன்னிக்கு உள்ள என்ன கலர் எரிஞ்சுதுங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"மஞ்சள்."

"ஏன் மாமா பச்சைன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? மாலை போட்டிருக்குது, தேங்காயைக் கையில வெச்சுட்டு நிக்கறாங்க. நீ பட்டுச்சேலை கட்டிட்டு, மொகமெல்லாம் சிரிப்பா நிக்கற. என்ற கையி ராசின்னு கூப்புட்டு உட்டிருக்காங்க. மொதப் போணியே மஞ்சள்னு சொல்ல எனக்கு வாய் வருமா? சொல்லியிருந்தா உன்ற மெசின் பக்கம் ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க."

கௌசிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதர் தன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இதை மூன்று வருடம் தனியாக வைத்திருந்திருக்கிறார். அவர் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவளால் முடியவில்லை.

"எனக்கும் தெரிஞ்சுதுங்க மாமா" என்றாள். "டேப்லட்ல மஞ்சள்தான் வந்துச்சு. நீங்க பச்சைன்னு சொன்னதும், மெசின்லதான் கோளாறுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்பிடி முடிவு பண்றது எனக்குப் புடிச்சிருந்துச்சு. உள்ள போய் அதைக் கழுவி உட்டது நான்தான். அன்னிக்கே உங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தா..."

நாச்சிமுத்து அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை.

"தெரியும் அம்மிணி."

அவள் நிமிர்ந்தாள்.

"கதவோரம்தானே நின்னுட்டிருந்தேன். நீ அந்த டேப்லட்டைப் பாத்த. அப்பறம் என்னையப் பாத்த. அப்பறம் உள்ள போய்த் தண்ணி ஊத்திக் கழுவுன. சத்தம் கேட்டுச்சு." அவர் பையை மெல்லச் சரிசெய்துகொண்டார். "படிச்ச புள்ள, மெசினைச் செஞ்சதே அதுதான், அதே கழுவி உட்டிருச்சு. அப்ப இது ஒண்ணுமில்லாத மஞ்சளாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். மறுக்கா போய்ப் பாக்கற தைரியம் மட்டும் வரல. ரத்தம் வந்தப்பக்கூட, பயமா இருக்கறப்பெல்லாம் நீ கழுவுன சத்தத்தைத்தான் நெனச்சுக்குவேன்."

வெளியே சாந்தாமணி கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. கௌசிகா அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து சொம்பை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரையும் குடித்தார்.